கத்தரிச் செடிகளுக்கு வைத்த தீ

சிங்கவரத்து மருதேவி, தண்ணீரைக்கூடத் துணியில் வடிகட்டிக் குடிக்கும் சமணக் குடும்பத்துப் பெண். எறும்பு ஊர்ந்தால் கூட்டுவதை நிறுத்திவிடுவாள். கத்தரி போடுவதில் கெட்டிக்காரி. பிடிவாதத்தில் அதைவிடக் கெட்டி.

1963இல் அவள் கொல்லையில் சில கத்தரிச் செடிகள் வாடிச் செத்தன. பிடுங்கிக் கொளுத்தச் சொன்னார்கள் ஊரில். "தண்டுக்குள்ள புழு இருக்குமே, உசுரோட கொளுத்துறதா?" என்று எருக்குழியில் போட்டாள். மறு வருடம் அந்த எருவையே கொல்லை முழுக்க இறைத்தாள். புண்ணியம் என்று நினைத்துத்தான் செய்தாள். மண்ணுக்கு அதெல்லாம் தெரியுமா?

காய் பிடிக்கும் சமயம் அடி இலைகள் பழுத்தன. வெயில் ஏறினால் செடிகள் தலை தொங்கின. பயிருக்கு யோசனை சொல்ல ஊருக்கு வரும் அரசு ஊழியர், கிராமசேவக் கோவிந்தசாமி, ஒரு தண்டைப் பிளந்தார். உள்ளே பழுப்பேறியிருந்தது.

"மண்ணுல இருக்கிற பூஞ்சணம்மா. எருவோட நீங்களே போட்டிருக்கீங்க. தண்ணி போற பக்கமெல்லாம் போவும். இன்னிக்கே புடுங்கிக் கொளுத்துங்க. வாய்க்காலை வரப்போரமா திருப்புங்க."

தண்ணீர் போகிற பக்கம் அருளம்மாளின் கொல்லை. புருஷன் செத்த பிறகு அந்தக் கத்தரிதான் அவளுக்குச் சோறு. விடிந்தால் அவளுடைய முறைத் தண்ணீர், மருதேவி கொல்லை வழியாகத்தான் வரும்.

அருளம்மாள் மண்வெட்டியோடு வந்து புது வாய்க்கால் வெட்டத் தொடங்கினாள். மருதேவி செடிகளைப் பிடுங்கிக் குவித்தாள். தீப்பெட்டியை எடுத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாக்கா உக்காந்துட்ட?"

"முடியலடி."

"உன் புண்ணியத்துக்கு என் செடி சாவணுமா?"

மருதேவிக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பழைய புடவையை விரித்தாள். ஒவ்வொரு செடியாக உதறினாள். அரிவாளால் தண்டுகளைப் பிளந்து, புழுக்களைப் பொறுக்கி வேலியோரம் விட்டாள். பொழுது சாய்ந்துகொண்டே வந்தது. சமண வழக்கப்படி இருட்டினால் அவள் சாப்பிடமாட்டாள், காலையிலிருந்து பட்டினி. அருளம்மாள் எரிச்சலோடு பார்த்தாள். பிறகு மண்வெட்டியைப் போட்டுவிட்டு அவளும் உட்கார்ந்து பிளந்தாள்.

பொழுது இறங்கியபோது மருதேவி தீ வைத்தாள். குவியலுக்குள் ஏதோ படபடவென்று வெடித்தது. அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"ஏதாவது உள்ள மாட்டிக்கிச்சா, அருளு?"

நெருப்போரம் ஒரு புழு சுருண்டதை அருளம்மாள் பார்த்திருந்தாள்.

"ஒண்ணுமில்லக்கா. காஞ்ச தண்டு வெடிக்குது. நீ போய் படு," என்று சொல்லிவிட்டு, மிச்ச வாய்க்காலை வெட்டப் போனாள்.