வீட்ல கேட்டுட்டுச் சொல்றேங்க

யாழினி, பாரி... இந்த வாரம் நம் வீட்டுக் கதைதான்.

பாரி, நீ ஆறாவது படிக்கிறாய். இதைப் பள்ளிக்கூடத்தில் சத்தம் போட்டு வாசித்துக் காட்டாதே. யாழினி, உன்னிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டேன். "எழுதிக்கோங்கப்பா. ஆனா நான் அழுதேன்னு மட்டும் எழுதிடாதீங்க" என்றாய். எழுதவில்லை. நீ அழவே இல்லை. பஸ் ஜன்னல் வழியாக சிமென்ட் லாரித் தூசி அடித்தது. அவ்வளவுதான்.

இனி, மற்ற பிள்ளைகளுக்கு.

வாரா வாரம் இந்தப் பிள்ளைகள் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — நான் பத்தாவதோடு நின்றவன். வேப்பந்தட்டையில் தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். ஆனால் என் மகள் யாழினி பாலிடெக்னிக்கில் கெமிக்கல் டிப்ளமோ முடித்திருக்கிறாள். பதினெட்டு வயது. கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் என்று ஹாஸ்டலில் தங்கி, படித்ததற்குச் சம்பந்தமில்லாத வேலைக்குப் போய்விட்டார்கள்.

அப்போதுதான் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில், லேப்புக்கு ஒரே ஓர் ஆள் வேண்டும் என்று தகவல் வந்தது. கல்லையும் பொடியையும் சோதித்துப் பார்க்கிற வேலை.

"எனக்கு அந்த லேப் வேணும்ப்பா" என்றாள்.

சின்ன வயதில் பொம்மையைக்கூட அவள் இப்படிக் கேட்டதில்லை.

இன்டர்வியூவுக்கு ஒரு வாரம் இருந்தது. வீடே தயாரானது — அவளைத் தவிர. அவள் ஏற்கெனவே தயாராகத்தான் இருந்தாள்.

போன் வீடியோவில் கோட்டு போட்ட ஒருவர் இன்டர்வியூவுக்குப் போவது எப்படி என்று வகுப்பு எடுக்கிறார். எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டுமாம். என் மனைவி சுமதி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பெரியவங்க கண்ணையா? மொறைக்கிறா மாதிரி இருக்காது?"

"லேசா சிரிச்ச முகமா இருக்கணும்னும் சொல்றாரும்மா."

"மொறைச்சுக்கிட்டே சிரிக்கணுமா?" என்று கேட்டான் பாரி. முறைத்துக்கொண்டே சிரித்தும் காட்டினான். பார்க்கப் பயமாக இருந்தது.

பட்டறையில் ஒத்திகை. எனக்கு மேனேஜர் வேடம். மேஜையில் யாரோ ஒருவருடைய மோட்டார் பிரித்தபடி கிடக்க, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க."

ஆங்கிலத்தில் மளமளவென்று சொன்னாள். எனக்குப் பாதி புரிந்தது. மேனேஜர் அல்லவா... தலையை மட்டும் பெரிதாக ஆட்டினேன்.

"அப்பா என்ன செய்யறாரு?"

"அதெல்லாம் கேக்க மாட்டாங்கப்பா."

"கேட்டா?"

"கேட்டா, வெளிய உக்காந்திருக்காரு, என்னைத் தனியா விட மாட்டேன்னு கூடவே வந்துட்டாருன்னு சொல்றேன்."

மேனேஜர் அதற்கு மேல் கேள்வி கேட்கவில்லை.

கிளம்புகிற அன்று காலை, வாசலில் வைத்து சுமதி கடைசிப் பாடத்தை நடத்தினாள். "எது கேட்டாலும் படக்குனு சரின்னுடாத பாப்பா. அலையறா மாதிரி ஆயிடும். வீட்ல கேட்டுட்டுச் சொல்றேங்கன்னு சொல்லு."

நானும் ஆமாம் என்றேன். அதில் என்ன தப்பு? எங்கள் பக்கத்தில் இது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தானே! நிலத்தை விலைக்குக் கேட்டாலும் சரி, விசேஷத்துக்குக் கூப்பிட்டாலும் சரி — உடனே தலையாட்டினால் மரியாதை இல்லை. மனசுக்குள் பதில் ரெடியாக இருந்தாலும், ஒருமுறை வீட்டுக்குத் தள்ளிவிட வேண்டும். வீட்டில் இருக்கிறவர் தனக்கு மேலே இருக்கிறவருக்குத் தள்ளுவார். யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் முடிவெடுத்துவிட்டான் என்ற பேச்சு வந்துவிடக் கூடாது பாருங்கள்...

பெரம்பலூரில் பஸ் மாறி, அரியலூரில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். ஆலைக்குள் ஒரு வராந்தா, நாற்காலிகள். பிள்ளைகள் தனியாக வந்திருந்தார்கள். அப்பா என்று ஒருவர்தான் வந்திருந்தார். அது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

யாழினி உள்ளே போனாள். வெகுநேரம் ஆயிற்று. நடுவில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரிக்கிறார்கள் என்றால் நல்லதா, கெட்டதா? கோட்டு போட்ட சார் இதைச் சொல்லித் தரவில்லையே!

கதவு திறந்தது. "யாழினி அப்பா யாருங்க? உள்ள வாங்க."

செருப்பைக் கழற்றி வராந்தாவிலேயே விட்டேன். போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு மேடம். இந்தப் பக்கம் என் மகள், தலையைக் குனிந்தபடி.

"உக்காருங்க சார். உங்க பொண்ணு நல்லா பதில் சொன்னாங்க. எங்களுக்குத் திருப்தி. திங்கட்கிழமை வந்து சேர்ந்துக்கிறீங்களான்னு கேட்டா, வீட்ல கேட்டுட்டுச் சொல்றேங்கறாங்க." மேடம் சிரித்தார். "வீடுதான் வெளியவே உக்காந்திருக்கேன்னு கூப்பிட்டேன். சொல்லுங்க சார்."

பிள்ளைகளே, இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

வேலை கையில் இருக்கிறது. மகள் ஆசைப்பட்ட வேலை. சரி என்று ஒரு வார்த்தை. வாயைத் திறந்தேன்.

"ரொம்ப சந்தோசங்க மேடம். அவ அம்மாகிட்ட ஒரு வார்த்தை..."

அதை நான் சொல்லவில்லை. என் வாய் சொன்னது. பழகிய வாய்.

யாழினி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். கண்ணைப் பார்த்துத்தான் பார்த்தாள்.

"தாராளமா கேட்டுட்டு வாங்க" என்றார் மேடம்.

வராந்தாவுக்கு வந்து சுமதியைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் போட்ட கூச்சலில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். "கெடைச்சிடுச்சா! எம் பொண்ணுங்க அது!"

"அப்ப சரின்னு சொல்லிடவா?"



"இருங்க இருங்க. எங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம எப்படி? அப்புறம் காலத்துக்கும் அது சொல்லிக் காட்டும்."

அண்ணன் என்றால், விக்கிரமங்கலத்தில் இருக்கும் என் மச்சான் கலியபெருமாள். யாழினிக்குத் தாய்மாமன். நல்ல மனிதர். கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை.

யாழினி பக்கத்தில் வந்து நின்றாள். "அப்பா, உள்ள போய் சரின்னு சொல்லிடலாம்ப்பா."

"இரு பாப்பா, மாமா எடுத்துடுவாரு."

"மாமா வேணாம்னு சொல்லுவாரா?"

"சேச்சே, அவரு ஏன் சொல்லப் போறாரு?"

"அப்புறம் எதுக்குப்பா கேக்கறீங்க?"

 மறுபடி போன் அடித்தேன்.

இதற்குள், ஏற்கெனவே இன்டர்வியூ முடித்து உட்கார்ந்திருந்த ஒரு பையனை மறுபடி கூப்பிட்டார்கள். போனான். போன வேகத்தில் வந்தான். முகமெல்லாம் பல்.

"என்ன தம்பி?"

"திங்கக்கெழம வந்துடறியான்னாங்கண்ணே. சரின்னுட்டேன்!"

சரின்னுட்டானாம். யாரையும் கேட்காமல். எனக்கு அவன் மேல் வந்தது கோபமா, பொறாமையா என்று இன்றுவரை தெரியவில்லை.

அப்போது பார்த்து மச்சான் கூப்பிட்டார். "என்ன மாப்ள, இத்தன தடவ அடிச்சிருக்கீங்க? மோட்டார் ஓடிக்கிட்டு இருந்துச்சு, அந்தச் சத்தத்துல கேக்கல."

அந்த மோட்டாருக்குக் காயில் கட்டியவன் நான்தான். நன்றாகத்தான் ஓடியிருக்கிறது.

விஷயத்தைச் சொன்னேன். மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. "இதையெல்லாமா என்கிட்ட கேப்பாங்க? புள்ளைக்கு வேலை குடுக்குறேங்கறான். சரின்னு சொல்ல வேண்டியதுதான மாப்ள! என்ன ஆளு நீங்க?"

உள்ளே ஓடினேன். மேடத்துக்கு உண்மையிலேயே வருத்தம். "சாரி சார். நீங்க தயங்கறீங்கன்னு நெனச்சோம். அந்தத் தம்பி உடனே ஒத்துக்கிட்டாரு. உங்க நம்பர் இருக்கு, வேற ஏதாவது வந்தா கூப்பிடறோம்."

அரியலூரிலிருந்து திரும்பும்போது யாழினி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.  வழியெல்லாம் லாரிகள், தூசி. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வேப்பந்தட்டை பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அப்பா, நான் வேணும்னேன். நீங்க வேணாங்கல. அம்மா வேணாங்கல. மாமாவும் வேணாங்கல. அப்புறம் எப்படிப்பா அந்த வேலை வேணாம்னு ஆச்சு?"

பிள்ளைகளே, இந்தக் கேள்விக்குப் பதிலை நான் பஸ்ஸில் யோசித்தேன். பட்டறையில் யோசித்தேன். ஒரு மோட்டாரில் காயிலைத் தப்பாகக் கட்டி, பிரித்துத் திரும்பக் கட்டும் அளவுக்கு யோசித்தேன்.

நாங்கள் யாருமே சம்மதம் கேட்கவில்லை. சம்மதம்தான் எல்லோரிடமும் இருந்ததே! நாங்கள் ஒருவருக்கொருவர் மரியாதை பரிமாறிக்கொண்டிருந்தோம். தட்டு கை மாறிக் கை மாறிப் போய்க்கொண்டே இருந்தது. பசித்தவள் மட்டும் சாப்பிடவில்லை.

அடுத்து வந்த நாட்களில் யாழினி சண்டை போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் இருக்கும் தோழியோடு போனில் பேசினாள். ஹாஸ்டலில் சாப்பாடு எப்படி, ஷிப்ட் எப்படி என்று விசாரித்தாள். சுமதி அடுப்படியில் கழுவிய பாத்திரங்களையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.

ஒரு மதியம், யாழினி எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்திருந்தாள். என் போன் அடித்தது. என் கையெல்லாம் வார்னிஷ். "யாருன்னு பாரு பாப்பா" என்றேன். ஸ்பீக்கரில் போட்டாள்.

அதே மேடம்.

முகமெல்லாம் பல்லாக வந்த அந்தப் பையன் வேலைக்கு வரவில்லையாம். என்ன ஆயிற்று? அவன் முதலில் சரி என்று சொல்லிவிட்டு, அப்புறம் வீட்டில் கேட்டிருக்கிறான். வீட்டில் வேறு யோசனை இருந்திருக்கிறது. அவனும் நம் பக்கத்துப் பிள்ளைதானே... எங்கே போய்விடுவான்?

"யாழினி, இந்தத் திங்கட்கிழமை வந்துடறீங்களா? இல்ல..." மேடத்தின் குரலில் ஒரு சிரிப்பு. "வீட்ல கேக்கணுமா?"

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். இந்த முறை என்னைத் திரும்பிப் பார்த்தால், பளிச்சென்று தலையாட்டிவிட வேண்டும் என்று தயாராக நின்றேன்.

அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"வந்துடறேங்க மேடம்."

அவ்வளவுதான். போனை மேஜையில் வைத்துவிட்டுச் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சந்தோஷம் வருவதற்கு முன்னால் சுருக்கென்று இருந்தது. "ஒரு தடவ என் மொகத்தப் பாத்திருக்கலாம்ல பாப்பா?"

"பாத்தா நீங்க அம்மாவுக்குப் போன் போடுவீங்க. கைய கழுவிட்டு வாங்கப்பா, சாப்பாடு ஆறுது."

சுமதிக்குச் சொன்னோம். மகளைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டபடியே, "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாள். மச்சானுக்குச் சொன்னோம். இதையெல்லாமா என்கிட்ட கேப்பாங்க என்று திட்டினாரே, அதே மச்சான்தான். "எல்லாம் முடிவு பண்ணிட்டுத்தான் சொல்றீங்களா? ம்... நல்லா இருக்கட்டும்" என்று போனை வைத்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோழியோடு வந்தார். கோபம் அந்தக் குழம்பு கொதிக்கும்வரை இருந்தது.

பிள்ளைகளே, நான் சொல்ல வருவதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தெரியாத ஆள் சாக்லேட் நீட்டினால், வண்டியில் ஏறு என்றால் — "வீட்ல கேக்கணும்" என்பதுதான் இன்றும் சரியான பதில். சொல்லிவிட்டு ஓடியும் வந்துவிடுங்கள். ஆனால் நீங்களே ஆசைப்பட்டு, நீங்களே உழைத்து, ஒரு கதவைத் தட்டப் போகிறீர்கள் என்றால்? வீட்டில் கேட்க வேண்டியதை வாசலைத் தாண்டும் முன்பே கேட்டுவிடுங்கள். கதவு திறந்த பிறகு கேட்கத் தொடங்கினால், உங்களுக்குப் பின்னால் நிற்கிறவர் உள்ளே போய்விடுவார்.

பெரியவர்களுக்கும் ஒன்று சொல்லலாம். ஆனால் இது பிள்ளைகள் பக்கம். பெரியவர்கள் இதைப் படிக்க மாட்டார்கள்.

திங்கட்கிழமை வந்தது. விடியும் முன்பே எழுந்து குளித்தேன். விசேஷத்துக்கு மட்டும் போடுகிற வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, தலை வாரி, இரண்டு பேருக்கும் பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்துக்கொண்டு, கூடத்தில் வந்து உட்கார்ந்தேன். யாழினி பையை மாட்டிக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்தாள். சட்டையையும் பார்த்தாள். 

"போயிட்டு வரேன்ப்பா. போயிட்டு வரேம்மா."

பஸ் சத்தம் தெருமுனையில் கேட்டு, தேய்ந்து, நின்றது. சுமதி பாரியை எழுப்பப் போனாள்.

நான் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒரு மடிப்புகூடக் கலையாத அந்தச் சட்டையைப் பொத்தான் பொத்தானாகக் கழற்றி, ஹேங்கரில் மாட்டிவிட்டு, பட்டறைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.