பேச்சு நின்ற இடத்தில் டிக் டிக்

நஜீஹாவுக்கு வாய் சும்மா இருக்காது. காயல்பட்டினத்தில் படிக்கும்போதே வாயாடி என்று பெயர் வாங்கியவள், துபாய் வந்ததும் அந்த வாயையே பிழைப்பாக்கிக்கொண்டாள். அங்கே கராமா பகுதியில் ஒரு சின்னத் தமிழ் வானொலியில் அறிவிப்பாளர். புருஷன் சாகிருக்குச் சவூதியில் தம்மாம் துறைமுகத்தில் வேலை. அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். டூட்டி முடிந்து ரூமுக்கு வந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பான். நல்லபடியாக வந்து சேர்ந்தான் என்று அர்த்தம். கல்யாணமானதிலிருந்து அவர்களுக்குள் அதுதான் வழக்கம்.

நேற்று அது வரவில்லை. காலையில், தம்மாமில் ஏதோ கிடங்கில் தீ என்று செய்தி. சாகிரின் போனோ அணைந்து கிடந்தது. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மெட்ரோவில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தாள். யாரோ ஒரு ரிங் விட்டுக் கட் செய்தார்கள். திரையில் சாகிர் பெயர் இல்லை, எரிச்சலோடு தள்ளிவிட்டாள். ஸ்டூடியோவுக்குள் போன் கூடாது என்பதால் அதை வெளியே ஒலிப்பதிவைப் பார்த்துக்கொள்ளும் விமலிடம் கொடுத்துவிட்டு மைக் முன்னால் உட்கார்ந்தாள்.

அன்றைய நிகழ்ச்சி, ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1924-இல் வட்டார வானொலி தொடங்கிய கதை. கடகடவென்று சொல்லிக்கொண்டே போனாள்.

"அந்தக் காலத்துல சில நிலையங்கள்ல, ஒரு நிகழ்ச்சிக்கும் அடுத்ததுக்கும் நடுவுல டிக் டிக்னு ஒரு சத்தத்த மட்டும் விடுவாங்களாம். நிலையம் செத்துப்போகல, இன்னும் இருக்குன்னு நேயர்களுக்குத் தெரியணுமே..."

அதற்கு மேல் பேச்சு வரவில்லை. வானொலி ஊமையானது. விமல் அவசரமாக ஒரு பாட்டைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தான்.

"என்னக்கா ஆச்சு? இந்தாங்க போன். ஏதோ சவூதி நம்பர், ஒரு ரிங் விட்டு விட்டுக் கட் பண்றாங்க. நேத்தும் இதே நம்பர்தான் இருக்கு."

அந்த எண்ணை அழைத்தாள்.

"என்ன புள்ள, டூட்டி நேரத்துல கூப்பிடுற?" சாகிரேதான். "என் போன் தண்ணியில விழுந்துட்டு. கூட்டாளி போன்லேர்ந்து நேத்தே மிஸ்டு கால் கொடுத்தேனே! தீ இந்தப் பக்கம் இல்லன்னு சொல்லத்தான் இன்னிக்கும் ரிங் விட்டேன்."

"கூட்டாளி நம்பர்னு எனக்கு எப்படித் தெரியும் மச்சான்?" அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "செத்துப் பொழச்சேன். இனி மிஸ்டு கால் வேணாம். எனக்கு உங்க குரல் வேணும். தினமும் பேசுங்க."

பாட்டு முடியப்போகிறது என்று விமல் கைகாட்டினான்.

"என்ன பேசணும்?" என்றான் சாகிர், நிஜமாகவே தெரியாமல்.

"என்ன சாப்பிட்டீங்கன்னு சொல்லுங்க" என்றாள்.