சும்மா இருந்தவளின் புருஷன்

சோலைச்சாமியை முதலில் பார்த்தபோது எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. கோவில்பட்டியில் வக்கீல் சத்தியபாமா அம்மாவிடம் நான் குமாஸ்தா. ஆபீசுக்கு வருகிற கட்சிக்காரர்கள் வாசலில் செருப்பைக் கழற்றுகிற விதத்திலேயே வழக்கு எப்படி நடக்கும் என்று ஓரளவு சொல்லிவிடுவேன். இவர் செருப்பைக் கழற்றவே இல்லை. நேராக வந்து மின்விசிறிக்குக் கீழே உள்ள நாற்காலியில் உட்கார்ந்தார். மகள் காவியா நின்றுகொண்டிருந்தாள். 'நீயும் உட்காரும்மா' என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

கழுகுமலை ரோட்டில் ஒரு கரிசல் ஊர் அவருக்கு. வானம் பார்த்த புஞ்சை, பெரிய விஸ்தாரம் ஒன்றும் இல்லை. ஆனால் அவருடைய தாத்தா காலத்தில் ஊரில் பாதி அவர்களுடையதாம். நிலம் போய்விட்டது, தாத்தாவின் மீசை மட்டும் பேரனுக்கு வந்து சேர்ந்திருந்தது. பேசும்போது இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை அதைத் தடவிக்கொள்வார்.

அவருடைய மனைவி பாலம்மாள் கார்த்திகை மாசத்தில் ஒருநாள் காலை ரோட்டோரம் நடந்து போகையில் மினி லாரி ஒன்று இடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது. லாரிக்காரன் மேல் தப்பு என்பதில் சந்தேகமே இல்லை, போலீசும் அப்படித்தான் எழுதியிருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட வேண்டும், அதற்காகத்தான் வந்திருந்தார்கள்.

"வீட்டம்மா என்ன வேலை பார்த்தாவ அண்ணாச்சி?" என்று வக்கீலம்மா கேட்டார்.

"வேலையா? எங்க குடும்பத்துப் பொம்பளைக வேலைக்குப் போறதில்ல. வீட்டுல இருந்தா."

"சொந்தப் புஞ்சையில?"

"கூலிக்கு ஆள் இருக்கு. ஊர்ப் பொம்பளைக நமக்குன்னா வந்து நிப்பாவ. அவ எதுக்கு வெயில்ல போகணும்?"

காவியா தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள். அவர் பதிலுக்கு ஒரு பார்வை பார்த்தார், அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எங்கள் வக்கீலம்மா இதையெல்லாம் விடுகிற ஆள் இல்லை. ஆனால் அன்றைக்கு விட்டுவிட்டார், காரணம் இருந்தது. "சரி, இல்லத்தரசின்னே போடுவோம். அதுவே இப்ப லேசுப்பட்டது இல்ல" என்றார். வீட்டு வேலை பார்க்கிற பெண் சம்பாதிக்கவில்லை என்று இனி யாரும் தள்ளிவிட முடியாது, அவள் உழைப்பு ஆபீசுக்குப் போகிற புருஷனின் உழைப்புக்குக் குறைந்தது இல்லை என்று சுப்ரீம் கோர்ட் சமீப வருஷங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட தீர்ப்புகளில் சொல்லிவிட்டது என்று அவருக்கு விளக்கினார். சமைப்பது, தண்ணீர் எடுப்பது, பிள்ளை வளர்ப்பது எல்லாமே கணக்கில் வரும் என்றார்.

சோலைச்சாமி சிரித்தார். "டெல்லியில உக்காந்துக்கிட்டு அடுப்படியைப் பத்தித் தீர்ப்புச் சொல்லுதாவளாக்கும்."

எனக்கு எரிச்சலாக வந்தது. நான் மட்டும் என்ன ஒழுங்கு, என் வீட்டு அடுப்பில் பால் பொங்கினாலும் பேப்பரை மடக்காதவன். ஆனாலும் செத்துப்போனவளை வைத்துக்கொண்டு இப்படிச் சிரிக்க மாட்டேன்.

அடுத்த ஆவணி மாசம் வழக்கு சாட்சி விசாரணைக்கு வந்தது. சோலைச்சாமி கூண்டில் ஏறினார். இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் நல்ல பழம் தின்று கொட்டை போட்ட ஆள், குரலை உயர்த்தவே மாட்டார்.

"உங்க மனைவி விவசாய வேலை பார்ப்பாங்களா?"

"இல்ல."

"அன்னைக்குக் காலையில எங்க போய்க்கிட்டு இருந்தாங்க?"

"கோயிலுக்கு."

"வீட்டுல மாடு, ஆடு?"

"ரெண்டு எருமை உண்டு. அது பாட்டுக்குக் கெடக்கும்."

"அப்ப வீட்டுல என்னதான் செஞ்சாங்க?"

சோலைச்சாமி மீசையைத் தடவினார். அவ்வளவு பேர் முன்னால் தன் குடும்பத்துப் பெருமையைச் சொல்லக் கிடைத்த வாய்ப்பாகவே அதை எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

"என்னத்த செய்ய? சும்மாதான் இருந்தா. நான் அப்படி வச்சிருந்தேன்."

நீதிபதி ஒரு நொடி நிமிர்ந்து பார்த்துவிட்டு, அதைப் பதிவு செய்யச் சொன்னார். தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் காவியா உட்கார்ந்திருந்த பெஞ்சு காலியாகக் கிடந்தது. பிறகு பஸ் ஸ்டாண்டில்தான் அவளைக் கண்டுபிடித்தோம். அப்பாவோடு ஒரே பஸ்சில் ஏற மாட்டேன் என்று அடுத்த பஸ்சுக்கு நின்றாள்.

அந்த வருஷம் மழைக்குக் குறைச்சல் இல்லை. உளுந்தும் பாசிப்பயறும் மக்காச்சோளமும் கலந்து விதைத்திருந்தார் சோலைச்சாமி. பயிர் வருவதற்கு முன்னால் களை வந்துவிடும், கரிசலின் குணம் அது. கலந்து விதைத்த இடத்தில் களைக்கொல்லி அடித்தால் ஒன்றைக் காப்பாற்றி இன்னொன்றைக் கொன்றுவிடும், கையால்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் அந்த நேரத்தில் ஊர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் அவர் புஞ்சையில் வரிசையாக இறங்கிவிடுவார்கள். கூலி கேட்க மாட்டார்கள். தன் குடும்பத்தின் மேல் ஊருக்கு இருக்கிற மரியாதை என்று அவர் இத்தனை காலமும் நம்பிக்கொண்டிருந்தார்.

அந்தக் கார்த்திகையில் ஒருத்தியும் வரவில்லை.

முதலில் மழை ஈரம் காயட்டும் என்று இருந்தார். பிறகு பக்கத்துப் புஞ்சைகளில் பெண்கள் குனிந்து நிற்பதைப் பார்த்தார். பயிர் எது, களை எது என்று தெரியாத அளவுக்குத் தன் நிலம் மூடிக்கொண்ட பிறகுதான் மீசையை விட்டு இறங்கி மாரித்தாய் வீட்டுக்குப் போனார். மாரித்தாய் அவருக்குத் தங்கை முறை, பாலம்மாளோடு ஒட்டிக்கொண்டு திரிந்தவள். அங்கே நடந்ததை அவரே எங்கள் ஆபீசில் வந்து சொன்னார்.

"என்ன தாயி, இந்த வருசம் நம்ம புஞ்சைப் பக்கம் யாரையும் காணல?" என்று கேட்டிருக்கிறார்.

"வந்தா யாரு திருப்பி வருவா அண்ணாச்சி?"

அவருக்குப் புரியவில்லை. மாரித்தாய் அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறாள். "நாங்க ஆளுக்கு ஆளு மாத்தி வேலை செய்யுதோம். இன்னைக்கு எனக்கு நீ, நாளைக்கு ஒனக்கு நான். ஒங்க புஞ்சைக்கு எட்டுப் பேரு வந்தா, பாலம்மா மதினி எட்டு வீட்டுப் புஞ்சைக்கும் போவா. நீங்க டீக்கடைக்குக் கெளம்புனதும் அவ இங்கன வந்திருவா, நீங்க சாப்பிட வாரதுக்குள்ள ஓடிருவா. அண்ணாச்சிக்குத் தெரிஞ்சா கவுரவம் போயிரும்னு சொல்லுவா. ஒங்களுக்கு நெசமாவே தெரியாதா?"

இந்தக் கேள்வியை எங்களிடம் சொன்னபோது சோலைச்சாமியின் குரல் இறங்கிவிட்டது. தெரியாமல் எப்படி இருக்கும்? அவள் கால் வெடிப்பில் கரிசல் மண் அடைந்திருந்ததைப் பார்த்திருக்கிறார். களை கொத்துகிற களைக்கொத்து ஒன்று கூரை எரவாணத்தில் எப்போதும் செருகியிருக்கும், அதன் பிடி வழுவழுவென்று இருக்கும். தெரிந்தது, ஆனால் தெரியாத மாதிரி இருந்தால் பெருமை கெடாமல் இருந்தது. அன்றைக்கு லாரி இடித்த இடத்துக்கு ஓடிப் போனபோதும் அவள் பக்கத்தில் அந்தக் களைக்கொத்து கிடந்திருக்கிறது. போலீஸ் வருவதற்கு முன்னால் அதை எடுத்துத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டிருக்கிறார். கேட்டவர்களிடம் கோயிலுக்குப் போனாள் என்று சொல்லியிருக்கிறார்.

"பொணம் கெடக்கும்மா ரோட்டுல. நான் களைக்கொத்தை ஒளிக்கேன்" என்றார் வக்கீலம்மாவிடம். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அன்றைக்கு அவர் செருப்பு வாசலில் கிடந்ததை நான் பிறகுதான் கவனித்தேன்.

மறுபடியும் கூண்டில் ஏற வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. வக்கீலம்மா யோசித்தார். "அண்ணாச்சி, வழக்குக்கு இதனால லாபம் இல்ல. சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறதே நமக்குப் போதும். நீங்க மாத்திச் சொன்னா கெடுதல்கூட வரலாம்."

"வழக்குக்காக இல்லம்மா. சும்மா இருந்தான்னு நான் சொல்லி எழுதி வச்சிருக்காவல்லா. அதை அழிக்கணும்."

"அழிக்க முடியாது. அதுக்கு மேல இன்னொண்ணு சொல்லலாம், அவ்வளவுதான்."

"அப்படின்னா அதையாவது சொல்லுதேன்."

மாரித்தாயைச் சாட்சிக்குக் கூட்டி வர முடியுமா என்று வக்கீலம்மா கேட்டார். அவள் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். 'மதினியைக் கோயிலுக்கு அனுப்பி வச்சது நீங்கதான, நீங்களே போய்த் திருப்பிக் கூட்டிட்டு வாங்க' என்றாளாம். அவள் சொன்னதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

மனுப் போட்டு, அனுமதி வாங்கி, அவர் மறுபடி கூண்டேறிய அன்று காவியாவும் வந்திருந்தாள். கடைசி பெஞ்சில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகிற மாதிரி.

சோலைச்சாமி எல்லாவற்றையும் சொன்னார். எருமைக்குப் புல் அறுத்தது, பிண்ணாக்கு கரைத்தது, ஓலைப் பெட்டியில் விதை சுமந்தது, எட்டு வீட்டுப் புஞ்சையிலும் களை எடுத்தது, அன்றைக்குக் காலையில் அப்படி ஒரு புஞ்சைக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள் என்பது வரை. கழுத்துக்குக் கீழே வேர்வை ஓடியது. களைக்கொத்தை ஒளித்ததையும் சொன்னார். அதைச் சொல்ல வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

இன்சூரன்ஸ் வக்கீல் மெதுவாக எழுந்தார்.

"முதல்ல வந்தப்ப சும்மா இருந்தாங்கன்னு சொன்னீங்க."

"ஆமா."

"சத்தியம் பண்ணிட்டுத்தான சொன்னீங்க?"

"ஆமா. அது பொய்."

"இன்னைக்கும் சத்தியம் பண்ணித்தான் சொல்றீங்க."

"இது நெசம்."

"வேலை பார்த்தாங்கன்னு சொன்னா தொகை கூடும்னு யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க. அப்படித்தான?"

இப்படி ஒரு பேச்சு வரும் என்று சோலைச்சாமி நினைத்துப் பார்க்கவே இல்லை. மானத்தை விட்டு உண்மையைச் சொன்னால் அது உண்மையாக எடுத்துக்கொள்ளப்படும் என்று, பாவம், நம்பி வந்திருந்தார். "இல்லய்யா" என்றார். நீதிபதியே ஒரு கேள்வி கேட்டார், கொஞ்சம் இரக்கமாகத்தான் கேட்டார்.

"பெரியவரே, உங்க மனைவி ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வேலை பார்ப்பாங்க?"

"தெரியாதுய்யா. நான் பாத்ததில்ல."

தீர்ப்பு பங்குனியில் வந்தது. வழக்கு ஜெயித்தது. வக்கீலம்மா எதிர்பார்த்ததற்கு மேலேயே கிடைத்தது, பக்கத்து ஆபீஸ்காரர்கள்கூட வந்து விசாரித்தார்கள். எனக்கும் சந்தோஷம்தான். சோலைச்சாமி மட்டும் தொகையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. காவியா பக்கத்தில் நிற்க, என்னிடம் வந்து, "நான் சொன்னதைப் பத்தி என்ன எழுதியிருக்கு? அந்த இடத்தை மட்டும் வாசிங்க தம்பி" என்றார்.

தேடி எடுத்தேன். வாசித்திருக்க வேண்டாம், ஆனால் நான் குமாஸ்தா, வாசிக்கச் சொன்னால் வாசித்துவிடுவேன். கணவர் முன்னுக்குப் பின் முரணாகச் சாட்சியம் அளித்திருக்கிறார், இறந்தவர் செய்த வேலை பற்றி அவர் இரண்டு முறையும் சொன்ன எதையும் இந்த நீதிமன்றம் நம்பவில்லை என்று இருந்தது. ஆனால் இல்லத்தரசியின் உழைப்புக்கு மதிப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது, அந்த மதிப்பைத் தர கணவரின் சாட்சியம் தேவையில்லை என்று அடுத்த வரியில் இருந்தது.

"அப்படின்னா, நான் ரெண்டாவது சொன்னது?"

"எடுத்துக்கல அண்ணாச்சி."

"களைக்கொத்து?"

"அதைப் பத்தி ஒண்ணும் இல்ல."

அவளை ஒரு நாளும் பார்த்திராத டெல்லிக்காரர்கள் அவளை மதித்துவிட்டார்கள். முப்பது வருஷம் அவள் சமைத்ததைச் சாப்பிட்டவர் சொன்னது செல்லவில்லை. அவர் மகள் பக்கம் திரும்பினார்.

"அவளைப் பத்தி நான் சொன்ன ஒரே நெசம் தாயி. அதை நம்ப மாட்டேங்குதாவ."

காவியா கோபமாக இல்லை. அழவும் இல்லை. என் கையிலிருந்த தாளை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"அம்மா உயிரோட இருக்கும்போதே நீங்க சொல்லியிருந்தா, அவ நம்பியிருப்பாப்பா" என்றாள்.