கண்டல்முனைக் கிணறும் பத்துக் கொடிப் படையும்

தோப்பூர்ச் சந்தைக்கு மீன் வாங்க வந்தாலும் ராசமலர் இரண்டு பையோடுதான் வருவாள். ஒன்று மீனுக்கு. மற்றதில் காணி உறுதிப் பத்திரம், குடும்ப அட்டை, பழைய வாக்காளர் இடாப்பின் ஒரு பக்கம், புருசன் கதிர்காமத்தம்பியின் மரணச் சான்றிதழ் எல்லாம் பொலித்தீனில் சுற்றி இருக்கும். இரண்டாயிரத்து ஆறில் செல்லடிக்குள், குண்டு விழ விழ ஓடியபோது அவள் கையில் எடுத்தது அந்தப் பையை மட்டுந்தான். இன்னும் அதைக் கீழே வைக்கவில்லை. கலியாண வீட்டுப் பந்தியிலும் அதை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிற ஐம்பத்தெட்டு வயதுக்காரியைப் பார்த்துச் சனம் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இன்னொரு அப்பளம் கேட்பாள்.

அவள் கேட்டது பெரிய விசயம் ஒன்றுமில்லை. துறைமுகத்துக்கு எதிர்க்கரையில், கண்டல்முனையில், இரண்டு ஏக்கர் வளவு. அதில் ஒரு கிணறு. கடலோரம் முழுக்க உப்புக் கரிக்கிற இடத்தில் அந்தக் கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர். சண்டை முடிந்தபோது வளவு இராணுவ முகாம் வேலிக்குள் போயிருந்தது. காணிக் கந்தோருக்கு எழுதினால், ‘விசாரித்தோம், அது வெறும் பற்றைக்காடு, கிணறோ குடியிருப்போ இருந்த அடையாளம் இல்லை’ என்று பதில் வரும். போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள் என்று இவள் எழுதுவாள். போய்ப் பார்க்காமலே அடுத்த பதில் வரும். இப்படிப் பதினேழு பதில் கடிதங்கள். கிணறு இருக்கிறது என்று உள்ளே போன ஒருவர் எழுதித் தந்தால் போதும். அந்த ஒருவர்தான் இத்தனை வருசமாக அகப்படவில்லை.

போன வருசம் பத்து நாட்டுப் படைகள் கப்பலில் வந்து இறங்கின. சண்டைக்கில்லை, பயிற்சிக்கு. இல்லாத ஒரு நாட்டைப் பத்துப் பேரும் சேர்ந்து பிடித்து, பிடித்த இடத்தைச் சனம் முணுமுணுக்காதபடி எப்படி ஆளுவது என்று பழகப் போகிறார்களாம். அந்த நாட்டுக்கு இருமல் மருந்து மாதிரி ஒரு பெயரும் வைத்திருந்தார்கள். நாடு தயார், படை தயார், ஆளப்படுவதற்குத்தான் ஆள் இல்லை. எங்கள் பக்கத்தில் அதற்கா பஞ்சம்? நாற்பது பேரைக் கேட்டு ஆள் அனுப்பினார்கள்.

செய்தியைக் கொண்டுவந்தவள் பக்கத்து வீட்டு றம்லா. “மலரக்கா, சனமா நடிக்கிறதுக்கு ஆள் எடுக்கிறாங்களாம். பகல் சாப்பாடும் தொப்பியும் தாறாங்க. கண்டல்முனை முகாமுக்குள்ளதான் நடக்குதாம்.”

கண்டல்முனை என்றதும் ராசமலர் கொடியில் காய்ந்துகொண்டிருந்த நல்ல சேலையை ஈரத்தோடேயே எடுத்துவிட்டாள்.

வாசலில் ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். றம்லாவின் அட்டையில் ‘அழவும்’ என்று மட்டும் இருந்தது. ராசமலருக்கு, ‘படை வாகனம் உங்கள் ஆட்டை அடித்துவிட்டது. கோபமாக முறையிடவும்.’

முதல் பாடம் சோதனைச் சாவடி. வெள்ளைக்காரப் பையன்கள் துவக்கோடு நின்றார்கள், எங்கே தொடங்குவது என்று தெரியாமல். எங்கள் நாற்பது பேரும் யாரும் சொல்லாமலே ஆண் ஒரு வரிசை, பெண் ஒரு வரிசை என்று பிரிந்து, அடையாள அட்டையைக் கையில் எடுத்து, பையைத் திறந்து, கைகளை அகட்டிக்கொண்டு நின்றார்கள். மூன்று நிமிசத்தில் பாடம் முடிந்தது. பயிற்றுவிப்பாளர் தலையில் கைவைத்தார். இப்படி ஒழுங்காக நின்றால் எங்கள் பிள்ளைகள் எதைப் படிப்பது, கொஞ்சம் முரண்டு பிடியுங்கள் என்று கெஞ்சினார். முரண்டு பிடிக்க எங்களுக்கு யார் பழக்கினார்கள்?

அடுத்தது முறைப்பாட்டு மேசை. மூக்கு உரிந்து சிவந்துபோன ஒரு கப்டன் இருந்தார். பக்கத்தில் மொழிபெயர்க்க ரஞ்சன், நிலாவெளி ஹோட்டலில் வெள்ளைக்காரரைத் திமிங்கிலம் பார்க்கக் கூட்டிப்போகிறவன். பின்னால் வெள்ளைக் கைப்பட்டி கட்டிய ஒருவர் கப்டனுக்குப் புள்ளி போட நின்றார்.

“ஆட்டைப் பற்றிச் சொல்லுங்கோ அக்கா,” என்றான் ரஞ்சன்.

“ஆட்டை விடும் தம்பி. என்னட்ட ஆடே இல்லை. கிணறு இருக்கு.”

“ஐயோ, அட்டையில இருக்கிறதைத்தான் சொல்லோணும்.”

ராசமலர் பையை மேசையில் கவிழ்த்தாள். உறுதி, இடாப்பு, பதினேழு கடிதங்கள். கப்டனின் முகம் மலர்ந்தது. காலையிலிருந்து அவர் கேட்டதெல்லாம் ஆடு, கோழி, ஒரு சைக்கிள். இப்போதுதான் உருப்படியான நடிப்பு ஒன்று வந்திருக்கிறது. காணி முறைப்பாடு வந்தால் உடனே நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவர்களுடைய புத்தகத்தில் இருந்த சட்டமாம். கைப்பட்டிக்காரர் வேறு பேனையோடு பார்த்துக்கொண்டு நிற்கிறார். கப்டன் எழும்பினார்.

வழி காட்டத் தேவைப்படவில்லை. புளியமரத்தடியால் திரும்பி, சமையல் கூடத்தின் பின்பக்கம் ராசமலர் விறுவிறென்று போனாள். கிணறு அங்கேதான் இருந்தது. ஒரு சிப்பாய் அதில் அள்ளித்தான் கத்தரிக்காய் கழுவிக்கொண்டிருந்தான். கிணற்றுக் கட்டின் சீமெந்தில் கதிர்காமத்தம்பி ஆணியால் கீறிய ‘க.ரா. 1997’ பாசிக்குள் அப்படியே கிடந்தது. அவள் வாளியை வாங்கி அள்ளி, கையால் ஏந்திக் குடித்தாள். அதே தண்ணீர். அழுகை வந்தது. அழச் சொல்லி அவளுடைய அட்டையில் இருக்கவில்லை, ஆனாலும் விம்மி விம்மி அழுதாள்.

கப்டன் உறுதியையும் எழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். காலடி வைத்து அளந்தார். கிணற்றுக் கட்டின் மேலேயே படிவத்தை வைத்து எழுதினார்: முறைப்பாட்டுக்காரியின் கிணறு வலயத்துக்குள், சமையல் கூடத்திலிருந்து பன்னிரண்டு மீற்றரில் இருக்கிறது; நேரில் பார்த்தேன்; காணி உரியவரிடம் கொடுக்கப்பட வேண்டும். பத்துக் கொடி போட்ட சீல் அடித்து, பிரதியை அவளிடம் நீட்டினார். விசில் கேட்டது. பயிற்சி முடிந்தது.

“நல்லா நடிச்சீங்களாம்,” என்றான் ரஞ்சன்.

“அவரும் பரவாயில்லையெண்டு சொல்லும்,” என்றாள் ராசமலர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் காணிக் கந்தோருக்குப் போனாள். பதினேழில் கடைசி ஆறு கடிதங்களையும் தட்டச்சு செய்த பிரியதர்சினிதான் மேசையில் இருந்தாள். கப்டனின் கடிதத்தை வாசித்தாள், சீலைப் பார்த்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“அம்மா, இது பயிற்சிக்கு எழுதினது. விளையாட்டுக் கடிதம். இதை வச்சு நாங்கள் ஒண்டும் செய்ய ஏலாது.”

“ஓம் பிள்ளை, விளையாட்டுத்தான்.” ராசமலர் மற்றப் பதினேழையும் எடுத்து மேசையில் பரப்பினாள். “விளையாட்டுக்கு வந்தவன் எழும்பிப் போய்க் கிணத்தைப் பாத்தான். இதுகளை எழுதின ஆக்களில ஆர் கதிரையை விட்டு எழும்பினது எண்டு சொல்லும். அந்த ஆள் எழுதின கடிதத்தை மட்டும் வச்சிட்டு மிச்சத்தைக் கிழிச்சுப் போடுறன்.”

பிரியதர்சினி பதினேழையும் பார்த்தாள். தன்னுடைய ஆறையும் பார்த்தாள். பிறகு பத்துக் கொடிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு, கதிரையைப் பின்னால் தள்ளி எழும்பி, போட்டோக்கொப்பி மெசினடிக்குப் போனாள்.