ஜெயந்தி அக்காவின் கிழங்குகள்

ஜெயந்தி அக்கா இறந்த செய்தி எங்கள் ஆய்வகத்தின் சுவர்த் தொலைபேசியில் வந்தது. கையுறையைக் கழற்றாமலே எடுத்தேன். அவர் கணவர் சிவா அண்ணா, "பிள்ளை, ஜெயந்தி இல்லை" என்றார். நான், "ஆமா அண்ணா, இன்னும் வரலை. பனி இல்லையா, ரூட் ஒன்ல டிராஃபிக் இருக்கும்" என்றேன். பிறகு அவர் மறுபடியும், இந்த முறை எனக்குப் புரியும்படி சொன்னார். அந்த ரூட் ஒன் நெடுஞ்சாலையில்தான், உறைந்து கிடந்த பனியில் கார் வழுக்கியிருந்தது.

அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் வெஸ்ட் வின்ட்சர் பக்கத்துத் தமிழர்கள் பலருக்கு அவரைப் பொங்கல் விழாவில் அறிவிப்புச் செய்கிறவராகத் தெரியும். எனக்கு அவர் பக்கத்து மேசைக்காரர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கூட்டங்களில் வாய் திறக்கப் பயம். எனக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது என்று அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும். பேசச் சொல்லி மேசைக்கடியில் என் காலை உதைப்பார். "கதையும் பிள்ளை. இவை கடிக்க மாட்டினம்."

நாங்கள் ஆராய்ந்தது தென் அமெரிக்காவின் அமரில்லிஸ் குடும்பத்துச் செடிகளை. கிறிஸ்துமஸ் சமயத்தில் இங்கே கடைகளில் பெட்டியில் வைத்து விற்கிறார்களே, பெரிய சிவப்புப் பூ, அதன் சொந்தங்கள். அவற்றின் கிழங்குகளில் உள்ள ஆல்கலாய்டு என்னும் வேதிப்பொருள்கள் சில, நினைவுக்கு வேண்டிய ஒரு பொருள் மூளையில் சிதைந்துபோவதைத் தடுக்கும். எந்தக் கிழங்கில் அது இருக்கிறது என்று தேடுவதே எங்கள் வேலை. சோதனைத் தட்டின் குழியில் மஞ்சள் நிறம் வந்தால் அந்தச் சாறு உதவாது. நிறம் வராமல் இருந்தால் நல்ல செய்தி. அக்கா தட்டின் மேல் குனிந்து, "வராதை, வராதை, அங்கயே நில்" என்று மஞ்சளை அதட்டுவார். எங்களோடு வேலை செய்த அமெரிக்கர்களும் அதையே மந்திரம்போலச் சொல்லப் பழகியிருந்தார்கள்.

அந்த அதட்டலில் எவ்வளவு கெஞ்சல் இருந்தது என்பது அவர் வீட்டுக்குப் போனபிறகுதான் தெரிந்தது. கொழும்பிலிருந்து கூட்டிவந்த அவருடைய அம்மாவுக்கு ஞாபகம் கரைந்துகொண்டிருந்தது. மகளின் முகம் மறந்துபோகும் நாளுக்கு முன் ஏதாவது ஒரு மருந்து வந்துவிட வேண்டும். அக்காவுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஒரு டிசம்பரில் சிவா அண்ணாவின் அலுவலகத்தில் யாரோ அந்தப் பூச்செடியின் கிழங்கைப் பரிசாகக் கொடுத்துவிட்டார்கள். அம்மா அதை வெங்காயம் என்று நினைத்து அரிந்து தேங்காய்ப்பால் சொதியில் போட்டுவிட்டார். வேலை முடிந்து வந்த அக்கா, குப்பைத் தொட்டியில் கிடந்த தோலைப் பார்த்ததும் சட்டியைத் தூக்கிக் கொட்டினார். உப்புப் பார்க்க ஒரு வாய் குடித்திருந்த அம்மாவுக்கு வாந்தி. மருத்துவமனையில் வைத்திருந்து அனுப்பினார்கள். மறுநாள் அக்கா எங்களிடம், "நான் மில்லிகிராம் மில்லிகிராமாப் பிரிக்கிறதை மனுசி தாளிச்சே போட்டுட்டா!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். "ஒரே கிழங்குக்குள்ள வைத்தியனும் கள்ளனும் ஒண்டாக் குடியிருக்கினம். அவையைப் பிரிச்சு விடத்தான் எங்களுக்குச் சம்பளம்." சிரித்து முடித்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஒரு குடுவையை நெடுநேரம் கழுவிக்கொண்டிருந்தார்.

இந்த ஆண்டு அந்தச் செடிக் குடும்பத்தின் வேறொரு கிளையிலிருந்து, ஐரோப்பாவில் முன்பே அறிந்திருந்த கலன்டமின் என்ற ஞாபக மருந்து, இங்கே மாத்திரையாக வந்தது. எங்களுக்கு அதில் பங்கில்லை. எங்கள் கிழங்குகள் இன்னும் குடுவையைத் தாண்டவில்லை. இருந்தும் அக்கா எல்லோருக்கும் டோநட் வாங்கிவந்தார். "ஆர் கண்டுபிடிச்சா என்ன, எங்கட கிழங்கின்ர சொந்தக்காரர்தானே!" அம்மாவுக்கு அதை எழுதிக் கொடுத்த மருத்துவர், எல்லோருக்கும் கேட்காது, கேட்டாலும் கொஞ்சம்தான் என்றாராம். இலையுதிர் காலத்தில் ஒருநாள் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்த அக்கா கூவினார்: "காலமை திண்டது புட்டெண்டு அம்மா இப்ப சொல்லுறா!" காலைச் சாப்பாடு அம்மாவுக்கு நினைவிருந்ததற்கு ஆய்வகமே கைதட்டியது.

மகள் போன செய்தியை அம்மாவிடம் சொன்னபோது கதறினார். சவ அடக்கத்துக்கும் வந்தார். எப்படியும் மறந்துவிடுவார், கேட்டால் ஜெயந்தி கான்ஃபரன்ஸுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லலாம் என உறவினர் பேசி வைத்திருந்தார்கள். அம்மா கேட்கவே இல்லை.

இரண்டு நாள் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். சிவா அண்ணா மாத்திரைப் புட்டியோடு சமையலறையில் நின்றார்.

"உமக்கு இது தெரியும், பிள்ளை. நிப்பாட்டினா மறந்திடுவாவோ?"

"டாக்டரைத்தான் கேக்கணும் அண்ணா."

"நான் மருந்தைப் பற்றிக் கேக்கேல்லை. அவவைப் பற்றிக் கேக்கிறன். இரவிரவா அழுறா."

அப்போது அம்மாவே உள்ளே வந்தார். "தம்பி, இண்டைக்கு என்ர குளிசை தரேல்லை" என்று அண்ணாவின் கையிலிருந்த புட்டியைக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "முந்தநாள்தானே அவளைக் கொண்டுபோனது?"

"ஆமா ஆன்ட்டி."

"எனக்கு நினைவிருக்கு" என்றார். வகுப்பில் சரியான விடை சொன்ன குழந்தையின் குரல் அது. சொல்லிவிட்டு, அதைக் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டிய ஒருவரைத் தேடுவதுபோல எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

சிவா அண்ணா என்னைப் பார்த்தார்.

"குடுங்க அண்ணா" என்றேன்.

அக்காவின் வெள்ளைக் கோட்டையும் கண்ணாடிக் குடுவைகளையும் யாராவது எடுத்துக்கொள்வார்கள். எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது, அவர் அம்மாவுக்காக அவர் இடத்தில் நின்று சொன்ன அந்த ஒரு பதில்தான். அது சரியா என்று தெரியவில்லை. அன்றிரவு வீடு திரும்பும்போது, நாளைக் காலை அக்காவிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன்.