மூத்தம்மா கட்டிய நாலாவது வீடு

அந்தி மஃரிப் தொழுகைக்குச் சற்று முன்னால் முன்வீட்டுக்கு லைட் போடப் போகும்போது, வாசலில் நின்று ஸலாம் சொல்லிவிட்டுத்தான் கதவைத் திறப்பேன். உள்ளே ஒருவரும் இல்லை. அது எனக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக்காரி முதலில் சிரித்தாள், பிறகு அவளுக்கும் பழகிவிட்டது.

முன்வீடு என் மகளுடையது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். நிக்காஹுக்கு முன்பே அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத் தாய் பின்னால் ஒதுங்கிக்கொள்வாள். நானும் அப்படித்தான் பின்பக்கம் சமைக்கிற குசினியோடு ஒட்டிய அறைக்கு வந்தேன். அதற்கு முன்பே என் கணவர் மௌத்தாகி, நான் விதவையாகியிருந்தேன். மகளும் மருமகனும் கொஞ்சக் காலம் முன்வீட்டில் இருந்தார்கள், பிறகு கட்டாருக்குப் போனார்கள், அங்கிருந்து கனடாவுக்கு. பெரிய வீடு பூட்டிக் கிடக்கிறது. நான் இன்னும் பின்னறையில்தான் படுக்கிறேன். முன்னுக்குப் போய்ப் படுங்களேன் என்று மகள் போனில் சொல்லும்போதெல்லாம் ஓம் என்கிறேன், போவதில்லை. இந்தப் பிடிவாதம் என் மூத்தம்மாவின் சொத்து. உம்மாவைப் பெற்றவள் அவள்.

மூத்தம்மாவுக்கு மூன்று பெண்பிள்ளைகள். மூன்று பெண் என்றால் மூன்று வீடு. முதல் வீட்டுக்காக மூத்தாப்பாவோடு மேற்கே காட்டை வெட்டி வேளாண்மை செய்தாள், பரணில் படுத்து யானை விரட்டினாள். அந்தக் கதையைச் சொல்லச் சொல்ல யானைகள் பெருகிக்கொண்டே போகும். மூத்தாப்பா போன பிறகு, மருதமுனையில் நெய்த சாரன்களைத் தலைச்சுமையாக ஏற்றிக்கொண்டு பஸ்ஸிலும் ரயிலிலும் மலைநாடு வரை போய் வீடு வீடாக விற்றாள். சிங்களம் படித்தது அந்த ரயில்களில்தான். அது இரண்டாவது வீடு. மூன்றாவது வீட்டுக்குக் குவைத். வீட்டு வேலைக்குப் போகிற வயதைத் தாண்டியிருந்ததால் ஏஜென்சிக்காரன் பாஸ்போட்டில் அவளை இளமையாக்கிவிட்டான். அவள் திரும்பி வந்த பிறகும் சொந்தத் தங்கையை அக்காவாக்கி "ராத்தா" என்று கூப்பிட்டு வம்புக்கு இழுப்பாள். அந்த மனுஷி சாகும்வரை அதற்குக் கோபப்பட்டாள்.

ஒவ்வொரு வீட்டையும் கொடுத்த அன்று தலையணையையும் வெற்றிலை வட்டாவையும் எடுத்துக்கொண்டு பின்னால் போய்விடுவாள். அதன் பிறகு அந்த வீட்டு வாசலில் நின்று ஸலாம் சொல்லி, பதில் வந்தால்தான் உள்ளே கால் வைப்பாள். சீமெந்து குழைத்தது அவள்தானே என்று ஒருமுறை கேட்டேன்.

"குடுத்தா குடுத்ததுதான் மகள். குடுத்த வீட்டுக்குள்ள கேக்காமப் போகக் கூடா."

மூன்றாவது வீடு என் உம்மாவுக்குக் கொடுத்தது. கடற்கரைப் பக்கம். சுனாமியில் கடல் வந்த அன்று காலை மூத்தம்மாவும் நானும் என் சின்னப் பிள்ளையும் சுகமில்லாத ஒரு சொந்தக்காரியைப் பார்க்க, கடலுக்குத் தூரமான மாவடிப்பள்ளிக்குப் போயிருந்தோம். உம்மா வீட்டில் இருந்தார். நாங்கள் திரும்பி வந்தபோது வீடு நின்ற இடத்தில் வாசல் படி மட்டும் கிடந்தது. மூத்தம்மா அந்தப் படிக்கு முன்னால் நின்று ஸலாம் சொன்னாள். சொல்லிவிட்டுப் பதிலுக்காக நின்றாள். நான் கையைப் பிடித்து இழுத்தும் வரவில்லை. எனக்கு இன்றைக்கும் நினைவில் நிற்பது கடல் அல்ல, அவள் அப்படி நின்றதுதான்.

பிறகு இன்னும் ஒரு வீடு பாக்கி என்றாள். எனக்கும் என் பிள்ளைக்கும். கடலை விட்டுத் தள்ளி உள்ளுக்குக் காணி தேடினாள். அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி, ரயிலில் படித்த சிங்களத்தில் பெரியவர்களோடு கதைத்தாள். அவளுடைய சிங்களத்தைக் கேட்டுச் சிரித்த ஒருவர்தான் கடைசியில் சீமெந்துக்கு வழி செய்தார். கூனிய முதுகோடு கல்லுக்குத் தண்ணீர் ஊற்றினாள். வீடு முடிந்ததும் வழக்கம்போலப் பின்னறைக்குப் போனாள். பல வருஷம் கழித்து, நான் இப்போது படுக்கிற அதே அறையில்தான் மௌத்தானாள். காடும் மலையும் குவைத்தும் பார்த்த மனுஷிக்கு மருந்து கொடுக்க நான் ஒருத்திதான் பக்கத்தில் இருந்தேன். இப்போது எனக்கு அந்த ஒருத்தியும் இல்லை.

போன மாதம் மகள் போன் எடுத்தாள். சுற்றி வளைத்துவிட்டுச் சொன்னாள்.

"எங்களுக்கு இனி ஊருல வந்திருக்க ஏலாது உம்மா. அந்த வீட்டக் குடுத்துருவம். நீங்க இங்க வந்திருங்க."

அவளுடைய வீடு, அவள் விற்கலாம். வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஓம் என்றேன். மூத்தம்மா என்றால் அன்றைக்கே உடுப்பை மடித்துப் பெட்டியில் வைத்திருப்பாள், பனி எப்படியிருக்கும் என்று ஊரெல்லாம் விசாரித்திருப்பாள். எனக்கு இங்கே பக்கத்து அக்கரைப்பற்றுக்குப் பஸ் ஏறினாலே தலை சுற்றும். போனை வைத்துவிட்டு வெகுநேரம் அழுதேன். எனக்குப் பயமாக இருந்தது.

வீடு பார்க்க ஆட்கள் வர மகளே ஏற்பாடு செய்தாள். அவர்கள் வந்த அன்று நான் முன்வீட்டைக் கூட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பெண்குரல் ஸலாம் சொன்னது. உள்ளே வராமல் நின்றது. இவ்வளவு காலம் அதே வாசலில் நின்று நான் சொன்னதற்குப் பதில் வந்ததில்லை. விளக்குமாற்றைச் சாத்திவிட்டு, "வஅலைக்குமுஸ்ஸலாம், உள்ளுக்கு வாங்க" என்றேன். சொன்ன பிறகுதான், வாங்க என்று சொல்ல அது என் வீடில்லை என்பது நினைவு வந்தது.

சாய்ந்தமருது ஊர்ப் பெண். என் வயதுதான் இருக்கும். கூடவே கல்யாணம் பேசியிருந்த அவளுடைய மகளும் வந்திருந்தாள். மகளுக்குக் கொடுக்கத்தான் வீடு பார்க்கிறார்களாம். மகள் ஜன்னல்களைத் திறந்து திறந்து பார்த்தாள். தாய் முன்னறைகளில் நிற்கவே இல்லை. நேரே குசினிப் பக்கம் நடந்தாள்.

"பின்னுக்கு அறை ஒண்டு இரிக்கா?" என்று கேட்டாள். "எனக்குத்தான்."

என் பாய் விரித்தபடி கிடந்தது. தலையணைக்குப் பக்கத்தில் மூத்தம்மாவின் வட்டா.

"இரிக்கி," என்றேன். "நல்ல காத்து வரும்."