பெரிய பானையில் விழுந்த பால் காப்பி

கமூனாவுக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கரண்டி பேசும். அன்று காலையிலிருந்தே கரண்டி பானை விளிம்பில் டங் டங்கென்று பேசிக்கொண்டிருந்தது.

ஜெர்பா தீவிலிருந்து பதினொரு வயதில் கப்பலில் வந்தவள் அவள். நெகேவ் பாலைவனத்து ஓரத்தில் அந்தச் சின்ன ஊரில், துணி ஆலையில் இருபத்தாறு வருடம் சட்டைக்குக் கை தைத்தாள். ஆலையை மூடினார்கள். அந்தக் குளிர்காலத்தில், யூத ஜெபக்கூடத்துக் காலை ஜெபத்தில் நின்றுகொண்டிருந்த ஓர் ஆள் தடாலென்று விழுந்தான். விரத நாளா என்றால் இல்லை. முந்தின நாளிலிருந்து சாப்பிடவில்லை, அவ்வளவுதான். மறுநாளே கமூனா போய், ஆலைச் சாப்பாட்டுக்கூடத்துப் பெரிய பானையைக் கேட்டு வாங்கி, தள்ளுவண்டியில் வைத்து ஜெபக்கூடத்துப் பின்கட்டுக்கு உருட்டி வந்தாள். பதினான்கு வருடமாக அதில்தான் சபையின் மத்தியானச் சாப்பாடு.

சபைக் குழுவின் தலைவர் கலிஃபா நல்ல மனிதர்தான். ஆனால் எதையும் அளக்காமல் விடமாட்டார். அன்றைக்குப் புதுசாக ஒரு சின்னப் பானையை வாங்கி வந்து வாசலில் வைத்திருந்தார்.

"கமூனாக்கா, தினமும் மிச்சமாகுது. இதுல பாதி போதும்."

"மிச்சமா? அதை ராத்திரிக்குன்னு யாரு போணியில வாங்கிட்டுப் போறாங்கன்னு பாத்திருக்கியா நீ? உன் வீட்டு அடுப்பு எரியுது. எல்லார் வீட்டுலயும் எரியுதா?"

"கோபப்படாதீங்க. அளந்தே காட்டிடறேன்."

ஒரு கையில் அளவு நாடா, இன்னொரு கையில் பால் காப்பி. இறைச்சியில் பால் கலந்தால் யூத விதிப்படி சாப்பிட முடியாது; இறைச்சி வேகும் அந்த அடுக்களைப் படியைப் பால் தாண்டக் கூடாது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! வெங்காயம் எடுக்க அவள் திரும்பியதுதான் தாமதம். கலிஃபா குனிந்தார். ஆவி முகத்தில் அடித்தது. தம்ளரோடு காப்பி, மாட்டிறைச்சியும் பீன்ஸும் கொதிக்கிற குழம்புக்குள் தொபுக்கென்று விழுந்தது.

"கலிஃபா!"

"ரெண்டு வாய்தான் குடிச்சிருந்தேன்" என்றார் அவர், அதுதான் இப்போது கேள்வி போல.

மதகுரு ரபி வந்து பார்த்து, சாப்பிடலாமா என்று சொல்லும்வரை ஒரு கரண்டி எடுக்க முடியாது. ரபியோ பக்கத்து ஊருக்கு ஒரு குழந்தையின் விருத்தசேதன விருந்துக்குப் போயிருந்தார். கைபேசியை எடுக்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே வரிசை வளர்ந்தது. கமூனா இருந்த ரொட்டியையெல்லாம் பிய்த்துக் கொடுத்தாள்.

"என்ன கமூனா, இன்னிக்கு விரதமா? நாள்காட்டியில இல்லியே!" என்றான் ஒருவன். சிரிப்பு எழுந்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் தடவையாக மூன்று பிள்ளைகளோடு வந்திருந்த யாமின், சுவரோடு ஒட்டி நின்றவன், "பரவால்லம்மா, இன்னொரு நாள் வர்றோம்" என்று சொல்லிவிட்டு நடந்தான். இப்படி முதல் நாளே வெறுங்கையோடு திரும்பினவர்கள் மறுபடி வந்ததில்லை. அது அவளுக்குத் தெரியும்.

இரண்டு மணிக்கு மேல் ரபி வந்தார். தம்ளரை வெளியே எடுக்கச் சொல்லிப் பார்த்தார்.

"தெரியாம விழுந்ததுதானே? அப்போ பானையில இருக்கிறது இதைப்போல அறுபது மடங்கு இருந்தாச் சாப்பிடலாம். தண்ணி எவ்வளவு ஊத்தினே?"

"பத்து ஜாடி. ஜாடிக்குப் பத்துத் தம்ளர். அதுக்கு மேல இறைச்சி, பீன்ஸு."

"நூறு தாண்டுதே! தாராளமாப் பரிமாறு." ரபியின் கண் வாசலுக்குப் போனது. "அந்தச் சின்னது எவ்வளவு பிடிக்கும்?"

"அம்பது தம்ளர்" என்றார் கலிஃபா, மெதுவாக.

"அதுல விழுந்திருந்தா முழுசையும் கொட்டச் சொல்லியிருப்பேன்."

கலிஃபா மூச்சு விட்டார். "நல்லவேளை, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது."

"எது முடிஞ்சுது?" என்றாள் கமூனா. வரிசையில் பாதிப்பேர் இல்லை. கமூனா சின்னப் பானையில் குழம்பை மொண்டு ஊற்றி, மூடி, அவர் கையில் கொடுத்தாள். "யாமின் வீடு தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி, மூணாவது மாடி."

"நானா?"

"சாப்பாடு கொண்டுவந்தேன்னு சொல்லாதே. காப்பியைக் கொட்டின ஆளு நான்தான், மன்னிச்சுக்கோன்னு சொல்லு."

ஒரு மணி நேரம் கழித்துக் கலிஃபா வியர்த்துக்கொண்டு வந்தார். பானை காலி.

"நாளைக்கு வர்றானாமா?"

"அதைக் கேட்கலையே அக்கா."

டங் என்றது கரண்டி. கமூனா மறுநாளைக்குப் பெரிய பானையைத் தேய்க்க உட்கார்ந்தாள்.